செட் தோசையும் செட்டாகும் சிமென்ட்டும்

அன்புள்ள ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அகராதியில் 'செட்' என்ற சொல்லைத் தேடினவள், அர்த்தம் பக்கம் பக்கமாகப் போவதைப் பார்த்து மூடி வைத்துவிட்டாள். சூரியன் மறைவதும் செட், நாலு புத்தகம் சேர்ந்தாலும் செட். "எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமாப்பா?" என்கிறாள். என்ன சொல்லட்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மனப்பாடமே வேண்டாம். அவள் மலைத்துப் போனதில் தப்பும் இல்லை. 1989இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு இந்தச் சொல்லுக்கு சுமார் 430 பொருள் தருகிறது.

தமிழ் இலக்கணத்திலிருந்து தொடங்குங்கள். தன்வினை, பிறவினை படித்திருப்பாள். அமர்ந்தான், அமர்த்தினான், திருந்தினான், திருத்தினான். ஆங்கிலத்தில் 'சிட்' தன்வினை, 'செட்' அதன் பிறவினை. 'ஃபால்' என்றால் விழு, 'ஃபெல்' என்றால் மரத்தை வெட்டிச் சாய், அதே கதைதான். ஆக, செட் என்றால் உட்கார வை.

அப்புறம் நம்முடைய 'வை' கூடவே வரும். பொறி வைக்கிறோம், தீ வைக்கிறோம், விலை வைக்கிறோம், அலாரம் வைக்கிறோம். நாலுக்கும் ஆங்கிலத்தில் செட் பொருந்தும். 'வை'க்கு எத்தனை அர்த்தம் என்று உங்கள் மகள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்வதில்லை, இல்லையா? சூரியன் மட்டும் யாரும் வைக்காமல் தானே போய் அமர்கிறது. அங்கே பிறவினை தன்வினையாகிவிட்டது.

புத்தக செட் வேறு குடும்பம். லத்தீனில் 'செக்டா', ஒருவர் பின்னால் போகும் கூட்டம். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, உருவத்தில் முந்தைய செட்டோடு ஒன்றாகிவிட்டது. நமக்கு ஓடுகிற ஆறும் எண் ஆறும் இருப்பது மாதிரி.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தரை பூசினார்கள். "செட் ஆகட்டும், கால் வைக்காதீங்க" என்று வாசலில் பலகையைக் குறுக்கே போட்டுவிட்டு, கொத்தனார் எதிர்க்கடைக்குப் போய் "ஒரு செட், வடகறி" என்றார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மெத்துமெத்தென்ற தோசை வந்தது. பூச்சில் இருப்பது பழைய ஆங்கிலச் சொல், தட்டில் இருப்பது லத்தீன் வழி வந்தது. சாதாரண சிமென்ட் அரை மணிக்குள் இறுகத் தொடங்கக் கூடாது, பத்து மணி நேரத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அந்த இறுகலுக்கும் ஆங்கிலப் பெயர் இதுதான்; இளகினது ஓர் இடத்தில் அமர்ந்துவிடுகிறது.

ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள். "அந்த வேலை எனக்கு செட் ஆகல" என்பது தமிழில் நாமே வளர்த்துக்கொண்ட பொருள். எனக்கு மிகவும் பிடித்த பிரயோகம், தாராளமாகப் பேசட்டும். ஆங்கிலப் பரீட்சையில் அந்த இடத்துக்கு 'சூட்' என்று எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்