கடன் வாங்கித் தொழில்நுட்பப் பங்குகளில் முதலிடுவது குறித்து

வணக்கம். நான்கு தொழில்நுட்பப் பங்குகளில் போட்ட சேமிப்பு இரட்டிப்பாகிவிட்டதால், தனிநபர் கடன் எடுத்து அவற்றையே மேலும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

இணைய நிறுவனப் பங்குகளின் விலை தாறுமாறாக உயர்ந்த, அமெரிக்காவின் டாட்காம் ஏற்றத்தைப் பாருங்கள். 2000 மார்ச் 10 அன்று, தொழில்நுட்பப் பங்குகள் மிகுந்த நாஸ்டாக் பங்குச்சந்தைக் குறியீடு 5,048 புள்ளிகளில் முடிந்தது. 2002 அக்டோபரில் 1,114-க்கு இறங்கியது. பழைய உச்சத்தைத் தாண்ட 2015 வரை ஆயிற்று. பங்குச்சந்தைக்கு வந்த ஒன்பதே மாதங்களில் மூடப்பட்ட, வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருள்களை இணையத்தில் விற்ற பெட்ஸ்.காம் போன்றவற்றைப் பற்றித்தான் பலரும் பேசுவார்கள். எனக்கோ சிஸ்கோவின் கதையே முக்கியமாகப் படுகிறது. இணையத்துக்குத் தேவையான கருவிகளை விற்று உண்மையாகவே லாபம் ஈட்டிய அந்நிறுவனம், 2000 மார்ச்சில் சந்தை மதிப்பில் உலகிலேயே முதலிடத்தைப் பிடித்தது. ஆனால் பங்கின் விலை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல் ஏறியிருந்ததால், பின்னாளில் விற்பனையும் லாபமும் நன்றாகவே வளர்ந்தும், இருபது ஆண்டுகள் கழித்துக்கூட விலை அந்த உச்சத்தை எட்டவில்லை. நல்ல நிறுவனம் என்பது வேறு, நல்ல விலை என்பது வேறு.

அதே வீழ்ச்சியில் அமேசான் பங்கு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்து மீண்டது உண்மைதான். ஆனால் மாதந்தோறும் தவணை கட்ட வேண்டியவர், அந்த மீட்சி வருவதற்குள் அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டியிருக்கும்.

இருப்பதை எல்லாம் உடனே விற்கச் சொல்லவில்லை. அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் தேவைப்படும் தொகையை மட்டும் இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள். நான்கு பங்குகளின் விலை-வருவாய் விகிதத்தையும் (பங்கின் விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை) எழுதினால், ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.