எலுமிச்சையை வீசலாம், ஆட முடியுமா?

அன்புள்ள சார்,

வெஸ்ட் இண்டீஸின் ஷமார் ஜோசப், ஆப்கானிஸ்தானின் ரஷீத் கான் எல்லாம் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்தவர்கள். அப்படியானால் ஒரு நாட்டை கிரிக்கெட்டில் ஜெயிக்க வைப்பது அந்த மக்களின் வெறிதானே? அகாடமி, மைதானம் என்று கொட்டுகிற பணம் வீண்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொன்ன இருவருமே பந்துவீச்சாளர்கள், கவனித்தீர்களா?

ஷமாரின் ஊரான பராகாரா கயானாவில் இருக்கிறது. படகில்தான் போகவேண்டும். எலுமிச்சை, கொய்யா, உருக்கிய பிளாஸ்டிக் பாட்டில் என்று கிடைத்ததையெல்லாம் வீசிப் பழகியவர். 2024 ஜனவரியில் பிரிஸ்பேனில், முந்தின நாள் காலடியில் விழுந்த யார்க்கர் பந்து பட்ட கால்விரலோடு 7 விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவை 8 ரன் வித்தியாசத்தில் கவிழ்த்தார். வீசுவதற்குத் தோளும் ஓட இடமும் ஆசையும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். ஆனால் கொய்யாப்பழத்தை வைத்து பேட்டிங் பழக முடியாது. நல்ல ஆடுகளத்தில், நல்ல வேகத்தில், ஆயிரக்கணக்கான பந்துகளை ஆடினால்தான் எதை விடுவது, எதைத் தொடுவது என்று பிடிபடும். பந்து தாறுமாறாக எகிறுகிற இடத்தில் வளரும் பையன், எப்படியும் அவுட்தானே என்று சுழற்றத்தான் கற்றுக்கொள்வான்.

2025 ஜூலையில் கிங்ஸ்டனில் அதே ஆஸ்திரேலியாவை இரண்டு இன்னிங்ஸிலும் 225, 121 என்று சுருட்டினார்கள் வெஸ்ட் இண்டீஸ் பந்துவீச்சாளர்கள். அப்புறம் அவர்களுடைய பேட்ஸ்மேன்கள் 27 ரன்னுக்கு ஆல் அவுட். பகலிரவு ஆட்டத்தின் இளஞ்சிவப்புப் பந்து, எதிரே ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் ஸ்டார்க், சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 27!

‘அந்தக் காலத்து வெஸ்ட் இண்டீஸ்?’ என்பீர்கள். 1980 முதல் 1995 வரை ஒரு டெஸ்ட் தொடர்கூடத் தோற்காதவர்கள். ஆனால் அந்த அணியின் பேட்ஸ்மேன்கள், இங்கிலாந்தின் உள்ளூர் (கவுண்டி) அணிகளில், ரிச்சர்ட்ஸ் சாமர்செட்டுக்கும் கிரீனிட்ஜ் ஹாம்ப்ஷையருக்கும் லாயிட் லங்காஷயருக்கும் கோடைதோறும் சம்பளத்துக்கு ஆடியவர்கள். கரீபியன் மண்ணில் ஊறிய ஆட்டத்துக்கு இங்கிலாந்து கவுண்டி மைதானங்கள்தான் சாணை பிடித்தன. வசதி இல்லாமல் ஜெயித்தார்கள் என்பதைவிட, அடுத்தவர் வசதியில் ஜெயித்தார்கள் என்பது பொருத்தம்.

ஆப்கானிஸ்தானும் அப்படித்தான். 2017-இல் டெஸ்ட் அந்தஸ்து, 2024 டி20 உலகக் கோப்பையில் அரையிறுதி. இப்ராஹிம் ஸத்ரான் மாதிரி ஒரு பேட்ஸ்மேன் வந்துவிடுவார். டெஸ்டுக்கு வரிசையாக ஆறு பேர் வேண்டுமே. சொந்த மண்ணில் ஆட வழியில்லாமல் 2024 செப்டம்பரில் இந்தியாவின் கிரேட்டர் நொய்டாவில் நியூசிலாந்துடன் டெஸ்ட் வைத்தார்கள். மழை. மைதான ஊழியர்கள் மின்விசிறியை வைத்து ஈரத்தைக் காயவைத்தார்கள். பயிற்சி வலைப்பக்கமிருந்து புல்லை வெட்டி வந்து ஒட்டுப்போட்டார்கள். ஒரு பந்துகூட வீசாமல் ஐந்து நாளும் போயின.