கொருக்குப்பேட்டை அக்காவுக்கு: மகள் டிபி ஆராய்ச்சிக்குப் போகட்டுமா?

அன்புள்ள அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டை மேற்படிப்பு வழிகாட்டி முகாமில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். பின்னால் இருபது பேர் டோக்கனோடு நின்றார்கள். வீட்டுக்கு வந்தும் மனசு உறுத்தியது, அதனால் எழுதுகிறேன். இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன். பெயர் போடவில்லை, கவலைப்படாதீர்கள்.

மகளைத் தண்ணீர் பாட்டில் வாங்கிவர அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு நீங்கள் சொன்னது இது: "டாக்டருக்குப் படிக்கிறேன்னா கடன் வாங்கியாவது படிக்க வெப்பேன் சார். இவ டிபி கிருமியை ஆராய்ச்சி பண்ணப்போறேங்கறா. மாமனாருக்கு டிபி வந்ததையே அக்கம்பக்கத்துக்குத் தெரியாம மறைச்சு வெச்சிருக்கோம். பழைய எக்ஸ்ரேகூட பீரோ மேல புடவைக்கு அடியில கிடக்கு. இவளும் போய் அதுலயே நின்னா நாளைக்கு யார் பொண்ணு கேட்டு வருவாங்க?"

இதில் இரண்டு பயங்கள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. ஒன்று, நோய் ஒட்டிக்கொள்ளும் என்பது. இன்னொன்று, பிழைப்புக்கு ஆகாது என்பது. முதலாவதை விட்டுவிடலாம் என்பேன். இரண்டாவதில் நியாயம் இருக்கிறது.

முதல் பயத்துக்குப் பதில் நம் ஊரிலேயே கிடைத்தது. பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறினால் சேத்துப்பட்டு வரும். அங்கே இருக்கிறது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து தொடங்கியது. அப்போதெல்லாம் டிபி என்றால் ஆளைச் சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. (தாம்பரத்துக்கு முந்தைய ஸ்டேஷனுக்கு இன்றும் சானடோரியம் என்றுதான் பெயர்.) ஆனால் எல்லோருக்கும் படுக்கைக்கு எங்கே போவது? வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் தலைமையில் சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்து, ஒரு பாதியை சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மாதிரி மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீடு என்றால் ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீடு. 1959-ல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அதைவிட முக்கியம், அவர்களோடு ஒரே அறையில் தூங்கிய குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

உங்கள் மாமனார் ஓட்டேரி ஆஸ்பத்திரி மாத்திரையை வீட்டிலிருந்தே ஆறு மாதம் சாப்பிட்டுக் குணமானாரே, அது இந்த ஆய்வு போட்ட பாதை. ராத்திரி அவருக்கு மாத்திரையை எண்ணிக் கொடுத்தது உங்கள் மகள்தான் என்றும் நீங்களே சொன்னீர்கள். அப்போதே ஒட்டாத நோய், முகக்கவசமும் கையுறையும் போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு வேலை செய்யும்போது வந்து ஒட்டிக்கொள்ளுமா? கிருமியை வளர்க்கும் ஆய்வகத்தில் அறைக்குள் காற்றழுத்தத்தை வெளியைவிடக் குறைவாக வைத்திருப்பார்கள். கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், உள்காற்று வெளியே வராது. ஆபத்தே கிடையாது என்று சொல்லவில்லை. ஆனால் கிருமி உடம்புக்குள் போனவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் அது நோயாக மாறுகிறது. அதிலும் சாப்பாடு போதாதவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், புகை பிடிப்பவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

சரி, பிழைப்புக்கு வருவோம்.

இந்த வேலை எப்படி இருக்கும் என்று மகள் நினைத்துக்கொண்டிருப்பதும் உண்மையும் ஒன்றல்ல. அவளிடம் இதைச் சொல்லுங்கள். சளியில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்க ஒரு பழைய முறை உண்டு. கோழிமுட்டையை உடைத்துக் கலக்கி, உப்புகளும் ஒரு பச்சைச் சாயமும் சேர்த்து, சின்னக் கண்ணாடிப் புட்டியில் சாய்வாக உறைய வைப்பார்கள். பார்க்க வெந்த புட்டு மாதிரி, பாசிப்பச்சையாக இருக்கும். அதன்மேல் சளியைச் சுத்தம் செய்து தடவி இன்குபேட்டரில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். டிபி கிருமிக்கு அதற்கே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதனால் ரொட்டித்தூள் உதிர்ந்த மாதிரி வெளிர் மஞ்சள் பொட்டுகள் தெரிய ஆறு வாரம், எட்டு வாரம்கூட ஆகலாம். ஏழாவது வாரம் பூஞ்சை பிடித்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இப்போது சிபிநாட், ட்ரூநாட் என்று இரண்டு மணி நேரத்தில் சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. இருந்தாலும் கிருமியை வளர்த்துப் பார்க்கிற வேலை போகவில்லை. பொறுமை இல்லாத பிள்ளைக்கு இது ஒத்துவராது. உங்கள் மகள் முகாமில் ஒன்றரை மணி நேரம் போனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது அவளுடைய மார்க் ஷீட்டைவிடப் பெரிதாகப் பட்டது.

அப்புறம், ஆராய்ச்சி என்றால் மைக்ரோஸ்கோப் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. புதிதாக டிபி கண்டுபிடிக்கப்பட்டவருக்கு எடையும் உயரமும், காலில் வீக்கம் இருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறார், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். ஆபத்தான நிலையில் இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள். கேட்டால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் எந்த ஐந்தைப் பார்த்தால் போதும் என்று கண்டுபிடிக்க எத்தனை நோயாளிகளின் கணக்கை அலசியிருக்க வேண்டும்! இதில் பெரும்பங்கு வகித்த தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் அம்பத்தூர் பக்கம் அயப்பாக்கத்தில் இருக்கிறது. 2020-ல் ராயபுரம் மண்டலம் தகரம் அடைத்துக் கிடந்தபோது, எத்தனை பேருக்குத் தெரியாமலேயே கொரோனா வந்துபோனது என்று நாடு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வை நடத்தியதும் அவர்கள்தான்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளின் வீட்டாருக்கு மாதம் தலைக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. 2023-ல் லான்செட் மருத்துவ இதழ்களில் வந்தது. ஆய்வுக்குப் பெயரே 'ரேஷன்ஸ்'. சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் இதில் பங்கு உண்டு. மாத்திரை, ஊசி மாதிரியே ரேஷன் அரிசியும் பருப்பும் நோயைத் தடுக்கும் என்று இப்படிக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்குள் போய், செருப்பை எங்கே கழற்றுவது, யாரிடம் முதலில் பேசுவது, இருமுகிற பெரியவரைக் கூச்சப்படுத்தாமல் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் உங்கள் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அடையாறு, அண்ணாநகர் பிள்ளைகள் அதைப் பயிற்சி எடுத்துத்தான் கற்க வேண்டும்.

எதைப் படிக்கலாம் என்பதில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. முதல் பட்டம் அடிப்படைப் பாடத்தில் இருக்கட்டும். விலங்கியல், வேதியியல், நுண்ணுயிரியல், புள்ளியியல், இவற்றில் ஏதாவது ஒன்று. ஏழெட்டு வருடத்துக்கு முன் வியாசர்பாடிப் பையன் ஒருவனை, பளபளப்பான பெயர் வைத்த ஒரு பட்டப்படிப்புக்கு ஒரு தனியார் கல்லூரிக்கு நான்தான் அனுப்பினேன். மூன்று வருடம் கழித்து எம்.எஸ்சி. விண்ணப்பித்த இடத்தில் "இந்தப் பட்டம் எங்கள் தகுதிப் பட்டியலில் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து நாலு வார்த்தைக்கு மேல் நீளும் பட்டத்தின் பெயரைக் கண்டாலே எனக்கு ஒவ்வாமை.

வீட்டுக்குப் பக்கத்தில் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரி, ஃபீஸ் கையைக் கடிக்காது. மாநகராட்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். அந்தத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டதே அந்தக் கல்லூரியில்தான். நீட் எழுதாமல், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டப்படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். படித்து முடித்ததும் சம்பளம் வேண்டும் என்ற வீட்டு நிலைமை என்றால் அதுதான் சரி. ஆனால் எனக்கு வேறொரு ஆசை. அவள் பயோ-மேத்ஸ் குரூப். கணக்கில் 94, உயிரியலில் 81. டிபி என்றதும் உயிரியல்தான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு, எம்.எஸ்சி.யில் உயிரிப் புள்ளியியல் (நோய், மருந்துக் கணக்குகளை அலசும் படிப்பு) பக்கம் திரும்பினால், மேலே சொன்ன அத்தனை ஆய்வுகளிலும் அவளுக்கு இடம் உண்டு. கிருமியை வளர்க்க ஆள் கிடைக்கிறார்கள். கணக்கைச் சரியாகப் போட ஆள் கிடைப்பது கஷ்டம். நாளைக்கே டிபி அலுத்துப்போனாலும் பேங்க், இன்சூரன்ஸ், மருந்துக் கம்பெனி என்று வேறு கதவுகளும் உண்டு. இதை அவளிடம் நான் திணிக்கவில்லை. நீங்களும் திணிக்க வேண்டாம்.

இப்போது கசப்பான பகுதி. மூன்று வருடம் பட்டம், இரண்டு வருடம் எம்.எஸ்சி., ஐந்து வருடம் பிஎச்.டி. பதினேழு வயதுப் பெண்ணுக்கு இருபத்தேழு ஆகிவிடும். நடுவில் சம்பாத்தியமே இல்லை என்பதில்லை. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் மாதிரி தேசியத் தேர்வு ஒன்றில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகையை வாங்கிவிட்டால், முதல் இரண்டு வருடம் மாதம் ₹37,000, அப்புறம் ₹42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் அது தேர்வில் முன்வரிசையில் வருகிறவர்களுக்கு. மற்றவர்கள் ப்ராஜெக்ட் ஸ்டாஃபாகச் சேர்வார்கள். நேர்காணலுக்கு நேரில் வா என்று விளம்பரம் வரும், வேலை ஒரு வருடத்துக்குக் கொடுப்பார்கள், ப்ராஜெக்ட் நீண்டால் நீளும், முடிந்தால் முடிந்தது. வெளிநாட்டுப் பணத்தில் நடப்பதென்றால் இன்னும் நிச்சயமில்லை. 2025-ல் அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தை மூடியபோது பல ஏழை நாடுகளில் டிபி திட்டங்கள் தடுமாறின. அரசின் காசநோய்த் திட்டத்திலேயே களத்தில் இருக்கும் பலர் ஒப்பந்த ஊழியர்கள்தான். நிரந்தர வேலை என்றால் ஆராய்ச்சி நிறுவனங்களின் விஞ்ஞானி, தொழில்நுட்ப உதவியாளர் பணியிடங்கள், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கும் லேப் டெக்னீஷியன், சுகாதார ஆய்வாளர் பணியிடங்கள், கல்லூரி ஆசிரியர் வேலை. எல்லாமே போட்டி.

நோய் ஒழிந்துவிட்டால் வேலையும் போய்விடுமே என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டாராம். நல்ல கேள்விதான். 2023-ல் உலகத்தில் ஒரு கோடிப் பேருக்கு மேல் டிபி வந்தது, பன்னிரண்டரை லட்சம் பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியர். அவர் அதைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கல்யாணக் கேள்விக்கு நான் ஆள் இல்லை, அக்கா. ஒன்று மட்டும் சொல்கிறேன். சேத்துப்பட்டு நிறுவனத்தில் இயக்குநராக இருந்த சௌம்யா சுவாமிநாதன் அப்புறம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குத் தலைமை இயக்குநரானார், உலக சுகாதார நிறுவனத்துக்குத் தலைமை விஞ்ஞானியும் ஆனார். "டிபி ஆஸ்பத்திரிக்காரி" என்று அவரை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு அதே இடத்தில் இருப்பேன். காலை ஒன்பதுக்கே வந்துவிடுங்கள், டோக்கன் கூட்டம் பத்துக்கு மேல்தான். பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றிலும் ஒரு ஜெராக்ஸ் போதும். அப்பாவையும் அழைத்து வாருங்கள்.

அந்த எக்ஸ்ரே உறையைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்தவள், நீங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டாள்: "தாத்தா எக்ஸ்ரேல அந்த வெள்ளையா இருக்கிற இடம்தானே சார்?" அவள் அதை ஏற்கெனவே எடுத்துப் பார்த்திருக்கிறாள்.