கரண்ட் வச்சதுக்கு அப்புறம் வாய் காயுதா, ருசி போயிருச்சா? கேளுங்க சொல்றேன்

எனக்கு 2017ல நாக்குல கேன்சர், ஆபரேஷன் பண்ணி அதுக்கு மேல 30 கரண்ட், அதான் கதிர்வீச்சு சிகிச்சை, வச்சாங்க. நான் டாக்டர் கிடையாது, மருந்து மாத்திரை விஷயத்துல உங்க டாக்டர் சொல்றதுதான் கடைசி. ஆனா வாய் வறட்சியோட குடும்பம் நடத்துறது எப்படின்னு ஓரளவு தெரியும். இன்னிக்கு பூரா இங்கதான் இருப்பேன், கேளுங்க.

அண்ணே, அப்பாவுக்கு தொண்டையில 33 கரண்ட் முடிஞ்சு அஞ்சு வாரம் ஆச்சு. சொம்பு சொம்பா தண்ணி குடிக்கிறாரு, அடுத்த நிமிஷமே காயுதுங்கறாரு. ஏன்?

தண்ணி வேற எச்சி வேற தம்பி. நல்லா இருக்குற மனுஷனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் எச்சி ஊறும். காதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் இருக்குற பரோட்டிட் சுரப்பிதான் சாப்பிடும்போது தண்ணி மாதிரி எச்சிய விடுறது, அது கரண்ட்டுக்கு ரொம்ப சீக்கிரம் அடி வாங்கிரும், முதல் ஒண்ணு ரெண்டு வாரத்துலயே கொறைய ஆரம்பிச்சிரும். மிச்சம் வர்றது கொழகொழன்னு கயிறு மாதிரி இழுக்கும், துப்பவும் முடியாது முழுங்கவும் முடியாது.

சொம்பு சொம்பா குடிச்சா நைட்டு நாலு தடவை பாத்ரூம் போறதுதான் மிச்சம். சின்ன ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி ஊத்தி பையில வச்சுக்க சொல்லுங்க, அரை மணிக்கு ஒரு தடவை நாக்குல அடிச்சா போதும். மெடிக்கல்ல செயற்கை எச்சின்னு ஸ்ப்ரே, ஜெல் கிடைக்கும், படுக்கப் போறப்ப ஜெல் தடவினா நடுராத்திரி நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு முழிக்கிறது கொறையும். ஃபேன் நேரா மூஞ்சில அடிக்க வேண்டாம். இன்னொண்ணு, சளிக்கு போடுற செட்டிரிசின் மாதிரி மாத்திரையும் வாய காய வைக்கும், அப்பா என்னென்ன மாத்திரை போடுறாருன்னு டாக்டர்கிட்ட ஒரு தடவை காமிச்சிருங்க.

எச்சி திரும்ப ஊறுமா ஊறாதா சார்? நேரா சொல்லுங்க.

சுரப்பிக்கு எவ்வளவு டோஸ் போச்சுங்கறதுதான் கணக்கு. பரோட்டிட்டுக்கு சராசரியா 26 கிரேக்கு (கிரேங்கறது கதிர்வீச்ச அளக்குற கணக்கு) கீழ போயிருந்தா திரும்ப ஊற நல்ல வாய்ப்பு இருக்கு, அதுக்குத்தான் ஐஎம்ஆர்டின்னு சுரப்பிய ஒதுக்கி விட்டுட்டு கரண்ட் வைக்கிற முறை வந்துச்சு. இங்கிலாந்துல 94 பேர வச்சு பண்ணின ஆராய்ச்சி 2011ல வெளிவந்துச்சு, ஒரு வருஷம் கழிச்சு பழைய முறையில வச்சவங்கள்ல 74 சதவீதம் பேருக்கு கஷ்டப்படுத்துற அளவு வறட்சி இருந்துச்சு, ஐஎம்ஆர்டில 38 சதவீதம். முதல் வருஷம் ரெண்டாவது வருஷம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏறும், அதுக்கு மேல ஏறுறது கம்மி. எனக்கு பாதி வந்துச்சு, பாட்டில் இன்னும் பையில இருக்கு.

வீட்டுக்காரருக்கு கன்னத்துல, கரண்ட் முடிஞ்சு ரெண்டரை மாசம் ஆகுதுண்ணா. எது போட்டாலும் மண்ணு மாதிரி இருக்கு, கசக்குதுன்னு தட்ட தள்ளி விடுறாரு. நான் சமைக்கிறது சரியில்லன்னு சண்டை வேற. அழுகையா வருது.

அம்மா, மொதல்ல ஒண்ணு, உங்க கைப்பக்குவத்துல குத்தமே இல்ல. நானும் என் வீட்டம்மாவ இதே மாதிரி திட்டியிருக்கேன், உப்பு டப்பாவ எடுத்து வீசினதெல்லாம் நடந்திருக்கு, இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. நாக்குல இருக்குற ருசி மொட்டு பத்து நாளைக்கு ஒரு தடவை போல புதுசா மாறிக்கிட்டே இருக்குறது, கரண்ட்டு அந்த புதுசு வர்றதையே நிறுத்திரும், அதான் ரெண்டாவது மூணாவது வாரத்துலயே ருசி போயிரும். அது போக எந்த ருசியும் எச்சில கரைஞ்சாத்தான் நாக்குக்கு தெரியும், எச்சியே இல்லன்னா நீங்க என்ன மசாலா அரைச்சாலும் அது சுவத்துக்கு வைக்கிற மாதிரிதான். முடிஞ்சு ரெண்டு மூணு மாசத்துல ஒவ்வொண்ணா எட்டிப் பாக்கும், முக்காவாசி பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள பெரும்பாலும் வந்துரும், ஒண்ணு ரெண்டு ருசி மட்டும் முன்ன மாதிரி இருக்காது.

அதுவரைக்கும் பசிய கேட்டு சாப்பாடு போடாதீங்க, கடிகாரத்த பாத்து போடுங்க. ரெண்டு மணிக்கு ஒரு தடவை ஒரு கிண்ணம். வாரத்துக்கு ஒரு தடவை எடை பாருங்க, எறங்கிக்கிட்டே போனா டயட்டீஷியன பாக்கணும். நாக்கு தூங்கினாலும் மூக்கு முழிச்சிருக்கும், அதனால கடைசியா தாளிச்சு கொட்டுங்க, நெய்ல சீரகம், கொத்தமல்லி தழை, அந்த வாசனைக்கு நாலு வாய் கூட போகும். இரும்பு ருசி அடிக்குதுன்னா எவர்சில்வர் ஸ்பூன எடுத்துட்டு மரக்கரண்டியோ பிளாஸ்டிக்கோ குடுங்க. கறி பிடிக்கலைன்னா விட்டுருங்க, முட்டை, பருப்பு, தயிருன்னு புரதம் உள்ள போனா சரி. உப்பு தெரியலன்னு அள்ளி போட்டுக்கிட்டா பிபி ஏறும், அத மட்டும் கவனிங்க.

சப்பாத்தி தொண்டையில நிக்குது. என்ன சாப்பிடலாம்?

சப்பாத்தி, ரஸ்க், முறுக்கு இப்போதைக்கு வேண்டாம். குழைய வடிச்ச சாதத்துல தயிர், சாம்பார்ல ஊறின இட்லி, இடியாப்பத்துக்கு தேங்காப்பால், கேழ்வரகு கூழ். ஒரு வாய் சாப்பாடு ஒரு மடக்கு தண்ணி. காரம் எரியும், மிளகாய கொறைங்க. தண்ணி குடிச்சாலே இருமல் வருது, பொறை ஏறுதுன்னா அது வறட்சி இல்ல, முழுங்குறதுல பிரச்சினை, உடனே ஆஸ்பத்திரில சொல்லுங்க.

பல்லு கூசுது, ஒண்ணு ஆடுது. பக்கத்துல கிளினிக்ல எடுத்துரலாமா?

எடுக்காதீங்க! இத பெரிசா எழுதுறேன்னு கோவிச்சுக்காதீங்க, நான் பட்டவன். கரண்ட் முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு கீழ்க்கடவாப்பல் வலிச்சுதுன்னு ஒரு கிளினிக்ல போய் உக்காந்தேன், அவரும் கேக்கல நானும் சொல்லல, அஞ்சு நிமிஷத்துல புடுங்கிட்டாரு. ஈறு மூடவே இல்ல, மாசக்கணக்கா எலும்பு வெளிய தெரிஞ்சுக்கிட்டு நாத்தம். கரண்ட் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் கம்மி, அதனால புண்ணு ஆறாது, கீழ்த்தாடைதான் ரொம்ப மோசம், இந்த ரிஸ்க் எத்தனை வருஷம் ஆனாலும் போகாது. எந்த பல் டாக்டர்கிட்ட போனாலும் வாய தொறக்குறதுக்கு முன்னாடி கரண்ட் வச்ச கதைய சொல்லுங்க, கரண்ட் வச்ச டாக்டர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் எடுக்கணும். இன்னும் கரண்ட் ஆரம்பிக்காதவங்க சொத்தைப் பல்ல இப்பவே காமிச்சு, எடுக்க வேண்டியத எடுத்துருங்க, புண்ணு ஆற ரெண்டு வாரமாவது வேணும்.

எச்சி இல்லாத வாயில சொத்தை காட்டுத்தீ மாதிரி பரவும். மெத்துன்னு இருக்குற பிரஷ், டாக்டர் எழுதித் தர்ற ஃபுளோரைடு ஜெல் இல்லன்னா 5000 பிபிஎம் (ஃபுளோரைடு அளவு) பேஸ்ட். எச்சி ஊறட்டும்னு லெமன் மிட்டாய சப்பிக்கிட்டே இருக்காதீங்க, சக்கரையும் புளிப்பும் சேந்து பல்ல தின்னுரும்.

என்ன வச்சு வாய் கொப்பளிக்கிறது? நாக்குல வெள்ளையா படியுது.

ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, ஆப்பத்துக்கு போடுவோமே அதான். சாப்பிட்டதும் கொப்பளிச்சு துப்புங்க, முழுங்காதீங்க. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் தொடாதீங்க. வெள்ளையா படிஞ்சு எரியுதுன்னா பூஞ்சையா இருக்கலாம், அது கொப்பளிச்சா மட்டும் போகாது, காமிச்சு மருந்து வாங்கணும்.

பைலோகார்பின் மாத்திரை போட்டா எச்சி ஊறுமாமே, ஆஸ்துமா இருக்கு எனக்கு.

சுரப்பி கொஞ்சமாவது உயிரோட இருந்தா ஊறும், வேர்த்து கொட்டவும் செய்யும். ஆஸ்துமா, சில வகை கண் அழுத்தம் இருக்குறவங்களுக்கு ஆபத்து. அடுத்தவங்க சீட்ட காமிச்சு வாங்காதீங்க.

தாத்தாவுக்கு பாக்கு போட்டாத்தான் எச்சி ஊறுதாம். புகையிலை இல்லாம வெறும் வெத்தலை பாக்கு குடுக்கலாமா?

கூடவே கூடாது. புகையிலையே இல்லன்னாலும் பாக்கு மட்டுமே கேன்சர் வர வைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே சொல்லியாச்சு. மெல்லணும்னு இருந்தா சக்கரை இல்லாத சைலிடால் சூயிங்கம் குடுங்க. பல்செட் கட்டியிருந்தா ஒட்டிக்கும், அப்ப ஸ்ப்ரேதான்.

வீட்டுக்காரர் தட்ட தள்ளி விடுறாருன்னு மேல கேட்டேனே, அதே ஆள்தாண்ணா. இப்ப மதியம் சாப்பாடு போட்டேன், ரசத்துல என்ன இவ்வளவு புளின்னு கத்துறாரு.

புளின்னு சொன்னாரா?! மண்ணுன்னு சொல்லல, கசப்புன்னு சொல்லல, புளின்னு சொன்னாரா? அம்மா, எனக்கும் மொதல்ல வந்தது புளிப்புதான். கத்தட்டும், விடுங்க. வாயில இன்னும் புண்ணு இருந்தா எரியும், அதனால நைட்டுக்கு புளிய பாதியா கொறைச்சு வச்சு பாருங்க.