பெரிய கேமரா கைக்கு வந்துவிட்டது, இனி என்ன?

கேள்வி: கம்பெனியின் விளம்பரப் பிரிவில் இருக்கிறேன். இதுவரை எல்லா வீடியோவையும் மொபைலில்தான் எடுத்தேன். இப்போது பெரிய வீடியோ கேமரா ஒன்றை வாங்கிக் கொடுத்து, அடுத்த மாதம் நிர்வாக இயக்குநரின் பேட்டியை நீங்களே எடுங்கள் என்கிறார்கள். அதன் உடம்பெல்லாம் பட்டன். ஆட்டோவில் போட்டு எடுத்துவிடலாமா, இல்லை கோர்ஸில் சேர வேண்டுமா?

பதில்: ஒரு மாதம் இருக்கிறது இல்லையா, போதும். கோர்ஸில் பிறகு சேர்ந்துகொள்ளலாம். அந்தப் பேட்டிக்கு உங்களுக்கு வேண்டியது கைப்பழக்கம். கம்பெனி வீடியோவில் பெரிய கஷ்டமே நேரம்தான்: இயக்குநர் வந்து உட்காருவார், இருபது நிமிஷத்தில் அடுத்த மீட்டிங்குக்கு எழுந்துவிடுவார், அதற்குள் நீங்கள் மெனுவைத் துழாவிக்கொண்டிருந்தால் அவர் என்ன பேசினார் என்பதே உங்கள் காதில் விழாது.

ஆட்டோ வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே மேகம் விலகினால் பேச்சின் நடுவிலேயே படம் இருண்டு மறுபடி வெளுக்கும், அவர் மூச்சு விடும் இடைவெளியில் ஆட்டோ ஒலி ஏசி இரைச்சலைத் தூக்கிக் கொடுக்கும். முகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆட்டோ ஃபோகஸ் மட்டும் புது கேமராக்களில் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதையும் கையால் ஃபோகஸ் செய்யப் பழகிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்), ஐரிஸ் (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரம்), கெயின் (படத்தை மின்னணு முறையில் பிரகாசமாக்குவது), வைட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்வது), என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி), இந்த ஐந்தோடு நின்றுகொள்ளுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள ஊர் என்றால் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. 60 ஹெர்ட்ஸ் என்றால் 30 ஃப்ரேம், 1/60. அப்படி வைத்தால் அசைவு இயல்பாக இருக்கும், அறை விளக்கு படத்தில் சிமிட்டுவதும் பெரும்பாலும் நின்றுவிடும். அப்புறம் ஷட்டரைத் தொடாதீர்கள். வெளிச்சம் கூடினால் என்டி, குறைந்தால் ஐரிஸைத் திறங்கள், அதுவும் போதாவிட்டால் இன்னொரு விளக்கு. கெயினைக் கடைசியாகத்தான் தொட வேண்டும், ஏற்ற ஏற்ற நிழலெல்லாம் மணல் தூவினது போல ஆகிவிடும். வைட் பேலன்ஸுக்கு அவர் உட்காரப்போகும் நாற்காலியில், முகம் வரும் உயரத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து எடுங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பிடித்தால் அங்கே விழும் வெளிச்சமே வேறு. ஜீப்ராவை (அளவுக்கு மீறி வெளுக்கும் இடத்தில் திரையில் கோடு காட்டும் வசதி) 100-இல் வைத்து, நெற்றியில் கோடு விழுந்தால் ஐரிஸைக் குறையுங்கள், வெளுத்துப்போன தோலை எடிட்டிங்கில் மீட்க முடியாது.

கேமராவிலேயே பொருத்தியிருக்கும், கழற்ற முடியாத ஜூம் லென்ஸ் என்றால் கண் வரைக்கும் முழுசாக ஜூம் போய் ஃபோகஸ் வைத்துவிட்டு ஜூமைப் பின்னுக்கு இழுங்கள், ஃபோகஸ் அப்படியே நிற்கும். கழற்றி மாட்டும் ஸ்டில் லென்ஸ்கள் பலவற்றில் நிற்காது, அதனால் ஃப்ரேம் வைத்த பிறகே ஃபோகஸ் பாருங்கள்.

இனி ஒலி. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு பேட்டியை நானே இதில் இழந்திருக்கிறேன். காலர் மைக்கின் பேட்டரி நடுவில் தீர்ந்துவிட்டது, நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஹெட்ஃபோன் பையில் இருந்தது. அந்த மனிதர் மறுபடி உட்காரவில்லை. படம் கொஞ்சம் சுமாராக இருந்தால் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்காவிட்டால் அந்த வீடியோவே இல்லை. அதனால் எத்தனை சின்ன வேலையானாலும் ஹெட்ஃபோன் காதில் இருக்கட்டும், அதுவும் காதை முழுசாக மூடுகிற வகை. சத்தமாகப் பேசும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டுத் திரும்ப வேண்டும், சிரிக்கும்போது கொஞ்சம் மேலே போகலாம், பூஜ்யத்தை மட்டும் தொடக் கூடாது. காலர் மைக்கைக் குத்திய பிறகு அவரைத் திரும்பி, குனிந்து, கையை ஆட்டச் சொல்லிக் கேளுங்கள்: துணி உரசும் கரகரப்பு அப்போதுதான் தெரியும். ஒயரில் ஒரு சுற்று விட்டுச் சட்டையின் உள்பக்கம் டேப் ஒட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பேட்டி முடிந்ததும் எல்லாரையும் அரை நிமிஷம் பேசாமல் இருக்கச் சொல்லி அறையின் சத்தத்தை மட்டும் தனியாக ரெக்கார்ட் செய்துவையுங்கள், எடிட் செய்கிறவருக்கு வெட்டிய இடத்தை மூட அது வேண்டும்.

தினமும் அலுவலகம் முடிந்து அரை மணி நேரம், கூட வேலை செய்கிற யாரையாவது உட்கார வைத்து எடுங்கள். ட்ரைபாட் விரிப்பதிலிருந்து ரெக்கார்ட் அழுத்துவது வரை எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், பத்து நிமிஷத்துக்குள் வந்தால் நீங்கள் தயார். திரையில் சிவப்புப் புள்ளியும் டைம்கோட் (பதிவின் நேர எண்) ஓடுவதும் தெரிகிறதா என்று பார்க்காமல் முதல் கேள்வியைக் கேட்க விடாதீர்கள். லாக் (எடிட்டிங்கில் பிறகு நிறம் சேர்ப்பதற்காக வெளிறிய படமாகப் பதிவு செய்யும் முறை) போன்ற விஷயங்கள் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வையுங்கள், இரண்டு இடத்தில் காப்பி எடுத்து ஓட்டிப் பார்க்கும் வரை எந்தக் கார்டையும் அழிக்காதீர்கள்.

பேட்டிக்கு முந்தின நாள், பேட்டி நடக்கும் அதே நேரத்தில் அந்த அறைக்குப் போய், கதவை மூடி, ஹெட்ஃபோன் மாட்டி ஐந்து நிமிஷம் சும்மா கேளுங்கள். லிஃப்ட் சத்தமா, பக்கத்து அறை போனா, எது தொந்தரவு என்று தெரிந்துவிடும், அறையை மாற்றித் தரச் சொல்லவும் ஒரு நாள் அவகாசம் இருக்கும்.