ஈரப்பலா: கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு வாசகர்: ஈரப்பலா விதை எங்கே கிடைக்கும்?

நாம் கறிக்கும் அவியலுக்கும் பயன்படுத்தும் ஈரப்பலாவுக்கு விதையே இல்லை. தாய்மரத்தின் வேரிலிருந்து தானாக எழும் கன்றைச் சிறிது வேருடன் பிரித்து நடலாம்; அல்லது சுமார் 25 சென்டிமீட்டர் நீளமான வேர்த்துண்டை நிழலில், ஈர மணலில் புதைத்துத் துளிர்க்க வைக்கலாம். ஒரே மரத்தின் வேர்களை அளவுக்கு மீறி வெட்டாதீர்கள். காயத்தின் வழியே நோய் புகுந்து மரமே பட்டுப்போகும்.

நுவரெலியா: இங்கு வளருமா?

குளிர் தாங்காத மரம் இது. வேண்டாம்.

காலி: எங்களை நோயாளிகளாக்கவே ஒல்லாந்தர் இதைக் கொண்டுவந்தார்கள் என்றும், தேங்காய் சேர்த்ததால்தான் முன்னோர் பிழைத்தார்கள் என்றும் பாட்டி சொல்வார். உண்மையா?

கதை சுவையானது, நம்புவதற்கு ஆதாரம் இல்லை. பசிபிக் தீவு மக்கள் பல நூற்றாண்டுகளாக இதைச் சுட்டும் அவித்தும் முதன்மை உணவாக உண்கிறார்கள். எஞ்சியதைக் குழியில் புதைத்துப் புளிக்கவைத்துப் பஞ்ச காலத்துக்கும் சேமித்தார்கள். 1789இல் பவுண்டி கப்பல் கலகத்தில் கன்றுகளை இழந்த ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வில்லியம் பிளை, 1793இல் மீண்டும் கொண்டுசென்று கரீபியன் தீவுகளான செயின்ட் வின்சென்ட்டிலும் ஜமைக்காவிலும் இறக்கியது, அங்கிருந்த அடிமைகளுக்கு மலிவாக உணவிடுவதற்காகவே. உழைப்பைச் சுரண்ட நினைத்தவர்கள் உழைப்பவரை நஞ்சூட்டிக் கொல்வார்களா?

காலி, மீண்டும்: அது ஆங்கிலேயர், நான் கேட்டது ஒல்லாந்தரைப் பற்றி.

ஆட்சியாளர் மாறுவதால் காயின் குணம் மாறாது. நூறு கிராமில் ஏறக்குறைய 27 கிராம் மாச்சத்தும் 70 கிராம் நீரும் உள்ள காயில் கொழுப்பு மிகக் குறைவு. தேங்காய்ப்பூ அக்குறையை நிரப்பிச் சுவையும் கூட்டுகிறது. பசிபிக் மக்களும் தேங்காய்ப்பால் சேர்க்கிறார்கள். அவர்களை ஒல்லாந்தர் அச்சுறுத்தவில்லை.

களுத்துறை: எப்போது பறிப்பது?

தோலின் கரும்பச்சை வெளிறி, முள்முனைகள் தட்டையாகி, மேலே பால் வடிந்து உறைந்திருந்தால் காய் முற்றிவிட்டது. கீழே விழவிடாமல் கொக்கத்தடியும் வலையும் கொண்டு பறியுங்கள். அடிபட்டது விரைவில் கனிந்துவிடும். இரண்டு மூன்று நாட்களுக்குள் சமைக்க முடியாவிட்டால் நீரில் மூழ்க வையுங்கள்.

குருநாகல்: விதை அனுப்பி உதவுவீர்களா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கொழும்பு: நீரிழிவுக்கு நல்லதா?

மாச்சத்து நிறைந்த உணவு. சோற்றுடன் கூட்டாமல் சோற்றுக்குப் பதிலாகவே கணக்கிட வேண்டும். அளவை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

மாத்தறை: வெட்டும்போது பால் ஒட்டுகிறதே?

கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவுங்கள். விதையைப் பற்றிக் கேட்காததற்கு நன்றி.