நானோ இழைக்குள் ஆன்டிபயாட்டிக்கை வைத்து, புண்ணில் பல நாள் மெதுவாக வெளிவிட முடியுமா?

முடியும். மருந்தை இழைக்குள் ஏற்றுவது சுலபம். முதல் சில மணி நேரத்திலேயே மொத்தமும் வெளியேறிவிடாமல் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு. ஆய்வுக்கூடத்தில் நான் மல்லுக்கட்டுவதும் இதோடுதான்.

பாலிமரையும் மருந்தையும் கரைத்து சிரிஞ்சில் ஏற்றி, ஊசிக்கு 15 கிலோவோல்ட் போலக் கொடுப்போம். முனையில் தொங்கும் துளி கூம்பாக இழுபட்டு, அதிலிருந்து கண்ணுக்கே தெரியாத இழை சுழன்றபடி கிளம்பி, எதிரே இருக்கும் அலுமினியத் தாளில் படியும். கொஞ்ச நேரம் ஓடவிட்டால் மெல்லிய வெள்ளைத் துணி மாதிரி உரித்தெடுக்கலாம். 2002-இலேயே அமெரிக்காவில் கெனாவி குழுவினர் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை இப்படி நூற்று, சில நாட்களுக்கு வெளிவர வைத்தார்கள்.

சிக்கல் எங்கே என்றால், கரைப்பான் ஆவியாகும்போது நீரில் கரையும் மருந்து இழையின் மேற்பரப்புக்கு வந்து ஒதுங்கிவிடும். ஈரம் பட்டதும் அதுதான் முதலில் கரையும். மழைக்காலத்தில் நூற்றால் இன்னும் மோசம். காற்றின் ஈரப்பதத்தால் இழையில் குழிகள் விழும், மருந்து வெளியேற இன்னும் வழி கிடைக்கும். கிருமி வளர்க்கும் கூழ் நிரப்பிய அகார் தட்டில் இதை நேரடியாகப் பார்க்கலாம். புண்ணில் தொற்றும் ஸ்டேஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைப் பரப்பிய தட்டில் இழைத்துண்டை வைத்தால், மறுநாள் அதைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம் இருக்கும். அதே துண்டைத் தினமும் புதுத் தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் வளையம் சுருங்கிக்கொண்டே வரும்.

சரி, தீர்வு? 2004-இல் செஃபாக்சிடின் என்ற ஆன்டிபயாட்டிக்கை, உடலில் மெல்லக் கரையும் பிஎல்ஜிஏ என்ற பாலிமர் இழையில் ஏற்றியவர்கள், நீரை விரும்பும் பகுதியும் வெறுக்கும் பகுதியும் சேர்ந்த ஒரு பாலிமரைக் கலந்தார்கள். ஆரம்ப வேகம் குறைந்து, மருந்து ஒரு வாரம் வரை வந்தது. மருந்தை நடுவில் வைத்து வெளியே பாலிமர் உறை போடும் இரட்டை ஊசி முறையும் உண்டு. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

அப்புறம், ரொம்ப நாள் வந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். கடைசிக் கட்டத்தில் கிருமியைக் கொல்லப் போதாத அளவில் மருந்து கசிந்துகொண்டே இருந்தால், எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமிகள்தான் பிழைத்துப் பெருகும். பிசிஎல் போன்ற பாலிமர் உடலில் கரைய ஓராண்டுக்கு மேலாகும் என்பதால் இந்தக் கவலை நிஜமானது. முதல் நாளே போதிய அளவு, ஒரு வாரம் பத்து நாள் அதே நிலை, பிறகு சட்டென்று முடிவு: புண்ணுக்கு அப்படிப்பட்ட இழைதான் வேண்டும். தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டால் இழை போதாது, ஊசி மருந்து கட்டாயம்.